கூதிர் தொடக்கத்தில் போடி மலைப் பூக்கள்

போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரைத் தாண்டி, மாந்தோப்புகளையும் இலவந்தோப்புகளையும் கடந்து, முந்தலில் மலைப்பாதை தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி முடித்தால் போடிமெட்டு. அங்கே உயரம் 1,300 மீட்டருக்கு மேல். வடக்கே கொழுக்குமலையின் தேயிலைத் தோட்டங்கள் 2,100 மீட்டரையும் தாண்டி நிற்கின்றன. மலை ஏற ஏறத் தாவரங்கள் மாறுகின்றன. அவை பூக்கும் மாதமும் மாறுகிறது. அடிவாரக் கரட்டில் பூத்து ஓய்ந்த செடியின் உறவுச்செடி ஒன்று மேலே அப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். ஒரே காலைப்பொழுதில் மூன்று பருவங்களைப் படமெடுக்கக்கூடிய இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அதனால் இந்தச் சரிவில் வேலை செய்பவர் தேதியைப் பார்க்கும் அளவுக்கு உயரத்தையும் பார்க்க வேண்டும். இந்த இயலும் அடிவாரத்தில் தொடங்கி மேலே ஏறும் வரிசையில் அமைகிறது.

பருவம்

தமிழ் மரபு ஆவணி, புரட்டாசியைக் கார் என்றும் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும் வகுக்கிறது. தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுதாகக் கூதிரைச் சொல்கிறது. வடநாடுகளில் இலை உதிரும் இந்த மாதங்களில்தான் இந்த மலையின் புல்லும் கொடியும் பூக்கின்றன. காரணம் மழையின் போக்கு. தென்மேற்குப் பருவமழை மலை முகட்டையும் கேரளப் பக்கத்தையும் நனைத்துவிட்டு, போடிப் பக்கத்துக்குச் சாரலையும் காற்றையும் மட்டுமே அனுப்புகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. புரட்டாசிப் பின்பாதியில் முதல் மழை ஓய்ந்திருக்கும், இரண்டாவது இன்னும் இறங்கியிருக்காது. மண்ணில் ஈரம் இருக்கும், வானம் இடையிடையே வெளுக்கும்.

படமெடுப்பவருக்கு இதைவிட முக்கியமானது காற்று. ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக அடிக்கும் காற்றில் நெடுந்தண்டுப் பூ எதையும் கூர்மையாகப் பிடிக்க முடியாது. செப்டம்பர் கடைசியில் அந்தக் காற்று தணிகிறது. அப்போதிலிருந்து ஐப்பசி மழை வலுக்கும் வரை கிடைக்கும் மூன்று நான்கு வாரங்களே இந்தச் சரிவின் நல்ல காலம். ஐப்பசி பிறந்த பிறகு பிற்பகலில் இடிமழை வரும் என்றே வைத்துக்கொண்டு, வேலையைக் காலையில் முடித்துவிடுவது நல்லது.

வெளிச்சம்

போடி மலையின் தமிழ்நாட்டுப் பக்கம் கிழக்கு நோக்கிய சரிவு. இந்த ஒரு செய்தி நாள் முழுவதற்கும் திட்டம் வகுத்துக் கொடுத்துவிடும். செப்டம்பர் கடைசியில் சூரியன் காலை 6 மணி 10 நிமிடத்தை ஒட்டி உதிக்கிறது. எதிரே மறைக்க மலை இல்லாததால் முதல் கதிரே சரிவின் மேல் தாழ்வாக, பக்கவாட்டில் விழும். இதழின் நரம்பும் தண்டின் மயிரும் தெரிவது அந்த வெளிச்சத்தில்தான். எட்டரை மணி வரை அது மென்மையாக இருக்கும். ஒன்பதரைக்குப் பிறகு நிழல்கள் கறுத்து, வெள்ளைப் பூக்களில் விவரம் அழியத் தொடங்கும். இந்த அட்சரேகையில் சம இரவு நாட்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்பதால், பத்தரை முதல் இரண்டரை மணி வரை நேர்வெயிலில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் வீண்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் முகட்டின் நிழல் சரிவின் மேல் இறங்கும். வெயில் போய்விட்டதென்று பலர் கேமராவை மூடிவிடுகிறார்கள். அது தவறு. திறந்த வானத்தின் ஒளி மட்டும் விழும் அந்த நேரத்தில் நிழலே இல்லாத, சீரான வெளிச்சம் கிடைக்கிறது. அடையாளம் காண உதவும் படங்களுக்கு அதுவே ஏற்றது. அந்த ஒளியில் நீலம் ஏறியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மேலே மூடுபனி இறங்கினால் அது இடைஞ்சல் இல்லை. பனி ஒரு பெரிய வெள்ளைத் திரை மாதிரி ஒளியைப் பரப்புகிறது. பனியால் நிறைந்த வெளிர் காட்சியை கேமரா சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டினால் சரியாகும். வானத்தை பிரேமுக்குள் விடாமல், பூவை மண்ணோ புல்லோ பின்னணியாக இருக்கும் கோணத்திலிருந்து எடுப்பது நல்லது.

அடிவாரம்: கரடும் வேலியோரமும்

முந்தலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடலாம். ஆவாரை மஞ்சளாகப் பூத்திருக்கும். தும்பை வரப்பெல்லாம் வெண்மையாக நிற்கும். இவை எங்கும் கிடைப்பவை என்று ஒதுக்குவது பிழை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் ஆவிரையும் தும்பையும் காந்தளும் குறிஞ்சியும் இருக்கின்றன. அந்தப் பட்டியலை ஒரு கையில் வைத்துக்கொண்டு இந்தச் சரிவில் ஏறுவது, தமிழ் வாசகர் ஒருவர் தனக்கே வைத்துக்கொள்ளக்கூடிய அருமையான படமெடுப்புப் பணி.

தரையோடு கிடக்கும் சிறு பூக்களே இங்கே உண்மையான சோதனை. விஷ்ணுகிராந்தியின் நீலப்பூ ஒரு சென்டிமீட்டரை எட்டாது. காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். கானாம்வாழையும் அப்படியே, நண்பகல் தாண்டினால் சுருங்கிவிடும். அதன் மூன்று இதழ்களில் இரண்டு பெரியவை, நல்ல நீலம். மூன்றாவது சிறியது, வெளிறியது. படத்தில் மூன்றும் தெரிய வேண்டும். இந்தச் செடி மண்ணுக்குள்ளும் விரியாத பூக்களை வைத்து அங்கேயே விதை கட்டுகிறது என்பது கேமராவுக்கு எட்டாத அதிசயம். நெருஞ்சி சூரியனைப் பார்த்து நிற்கும். அதை எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் சூரியன் வந்துவிடுவதால், தன் நிழலே பூவின் மேல் விழாமல் சற்று விலகிப் படுக்க வேண்டும்.

படுக்க வேண்டும் என்பது உண்மையாகவே சொல்லப்படுவது. நின்றபடி குனிந்து எடுத்த சிறுபூப் படத்தில் மண்ணும் சருகும்தான் பின்னணியாக வரும். கேமரா தரையைத் தொடும் அளவுக்கு இறங்கினால் பின்னணி பத்தடி தள்ளிப் போய்க் கரைந்துவிடும். இதற்கு விலை உயர்ந்த தாங்கி தேவையில்லை. மொச்சையோ அரிசியோ அரைக்கிலோ போட்டுத் தைத்த துணிப்பை ஒன்று லென்ஸைத் தாங்கும்; கரடுமுரடான பாறையிலும் உட்காரும்.

மொட்டைப்பாறைகளின் இடுக்கில் கள்ளிமுளையான் மழைக்குப் பின் பூக்கும். இலையற்ற சதைத்தண்டும் கருஞ்சிவப்புச் சிறுபூவும் பாறையின் நிறத்திலேயே மறைந்து கிடக்கும். ஈக்கள்தான் இதன் மகரந்தத்தைக் கடத்துகின்றன. ஈ வந்து உட்காரும் வரை காத்திருந்து எடுத்த படம், பூவை மட்டும் காட்டும் படத்தைவிடப் பலமடங்கு செய்தி சொல்லும்.

இனி காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். கிராமத்தில் கார்த்திகைப் பூ என்றும், கிழங்கை வைத்துக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். வேலியிலும் புதரிலும் இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கிப் படர்ந்து ஏறும். விரியும் முதல் நாளில் இதழ்கள் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுதும் சிவந்துவிடும். ஒரே கொடியில் எல்லா நிலைகளும் இருக்கும் என்பதால், அவற்றை ஒரே பிரேமில் கொண்டுவரும் இடத்தைத் தேடுவது பயன் தரும். பூ தலைகீழாகத் தொங்க, ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே வளைந்திருக்கும். மகரந்தத் தாள்கள் கிடைமட்டமாக விரியும். சூல்தண்டு அடியிலேயே மடிந்து ஒரு பக்கமாக நீளும். மேலிருந்து எடுத்தால் இந்த அமைப்பு எதுவும் தெரியாது. பூவின் உயரத்துக்கே கேமராவை வைத்து, பக்கவாட்டில், சூல்தண்டு நீளும் பக்கம் தெரியும்படி எடுக்க வேண்டும். செடி முழுதும், குறிப்பாகக் கிழங்கு, கடும் நஞ்சு. தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது.

அயல்செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாதையோரத்தில் கண்ணைப் பறிப்பவற்றில் பல இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. உண்ணிச்செடி, பார்த்தீனியம், மூக்குத்திப்பூ மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. மலைப்பாதையில் மஞ்சள் காடாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தி மெக்சிகோவின் செடி. மேலே தோட்ட வீடுகளைச் சுற்றித் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூவும் தென் அமெரிக்காவினது. இவற்றைப் படமெடுப்பதில் குற்றம் ஏதும் இல்லை. 'மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப்பூ' என்று பெயர் போட்டு அச்சிடுவதுதான் தவறு, அது அடிக்கடி நடக்கிறது.

வளைவுகளின் ஈரப்பாறைகள்

முந்தலுக்கு மேல் சாலை பாறையைக் குடைந்து செல்கிறது. நீர் கசியும் ஒவ்வொரு பாறைச்சுவரும் ஒரு தோட்டம். காட்டுக் காசித்தும்பைகள் இங்கே வளர்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தப் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஓர் இனத்தை மற்றதிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் பூவின் பின்னால் வால் போல் நீளும் தேன்குழலின் நீளமும் வளைவும்தான். முகம் பார்த்து எடுத்த படம் அழகாக இருக்கலாம். பக்கவாட்டுப் படம் இல்லாவிட்டால் தாவரவியலாளர் பெயர் சொல்ல முடியாது. இதழ்கள் கண்ணாடி போல மெல்லியவை என்பதால் பின்னொளியில் நரம்பெல்லாம் ஒளிரும். முற்றிய காய்களைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும் என்பதால் கையும் முக்காலியும் படாமல் நெருங்க வேண்டும்.

அதே பாறைகளில் பெகோனியாவும் இருக்கும். ஒரே செடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் பின்புறத்தில் இறக்கை வைத்த சூலகம் தெரியும். இரண்டையும் எடுத்தால்தான் பதிவு முழுமை பெறும். வெயில் படும் மேட்டில் மெலஸ்டோமா என்ற ஊதாப்பூப் புதர். அதன் ஐந்திதழ்ப் பூவில் மஞ்சள், ஊதா என இரண்டு விதமான மகரந்தத் தாள்கள் உண்டு. காலையில் விரிந்த பூ மாலைக்குள் உதிரத் தொடங்கும்.

இந்தப் பகுதியில் ஆபத்து சாலைதான். போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் விடியற்காலையில் வரிசையாக மேலே போகும். மாலையில் அதே வரிசை இறங்கும். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை என்பதால் லாரியும் பேருந்தும் உண்டு. வளைவின் உள்விளிம்பில் குனிந்து நிற்பவரை ஓட்டுநர் கடைசி நொடியில்தான் பார்ப்பார். வண்டியை அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். வெளிர் நிற, கண்ணில் படும் மேல்சட்டை அணிய வேண்டும். முக்காலியின் கால்கள் வெள்ளைக்கோட்டைத் தாண்டக் கூடாது.

ஏலக்காட்டு நிழல்

போடிமெட்டைத் தாண்டினால் ஏலமலை. ஏலம் வளர நிழல் வேண்டும் என்பதால் பழைய காட்டு மரங்களின் கூரை பல இடங்களில் இன்னும் நிற்கிறது. அதன் கீழே பூக்கள் அதிகம், வெளிச்சம் குறைவு. ஏலச்செடியே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியதுதான். அதன் பூவைப் பார்த்த தமிழர்கள் ஏலக்காயைப் பார்த்தவர்களில் மிகச் சிறு பகுதியாகத்தான் இருப்பார்கள். போடியில் நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் மூட்டை மூட்டையாக விலைபோகும் அந்தக் காயின் பூ, செடியின் அடியிலிருந்து கிளம்பும் சரத்தில், தரைக்குச் சற்று மேலே பூக்கிறது. வெள்ளை உதடு, அதன் நடுவே செவ்வூதாக் கோடுகள். விடியும் முன் விரியும். ஒரு நாள்தான் இருக்கும். தேனீக்கள் காலையில் வந்து போய்விடும். பூப்பின் உச்சம் மழைக்காலத்தின் முன்பகுதியில் என்றாலும் புரட்டாசியிலும் பிந்திய பூக்கள் கிடைக்கின்றன, காய் பறிப்போடு சேர்ந்து.

இந்த நிழலில் ஒளியைச் சேர்க்க வேண்டியிருக்கும். கேமராவின் நேர் பிளாஷ் ஈர இலைகளில் வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கிப் பின்னணியைக் கறுப்பாக்கிவிடும். வெள்ளை வேட்டித் துண்டோ, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து ஒட்டிய அட்டையோ பூவுக்கு அரையடி தள்ளிப் பிடித்தால் போதும். கூரையின் இடைவெளியில் வரும் ஒளி பூவின் அடிப்பக்கத்துக்குத் திரும்பும். பிளாஷ் தேவைப்பட்டால் அதைக் கையில் பிரித்துப் பிடித்து, முன்னால் வெள்ளைத் துணி கட்டி, இரண்டு ஸ்டாப் குறைத்து அடிக்கலாம். ஈரப்பளபளப்பை அடக்க போலரைசர் வடிகட்டி உதவும். ஆனால் அது ஒன்றரை ஸ்டாப் வரை ஒளியைத் தின்றுவிடும் என்பதால் முக்காலி கட்டாயம்.

தோட்டங்கள் தனியார் இடம். கங்காணியிடமோ மேலாளரிடமோ கேட்டுவிட்டு நுழைவது மரியாதை மட்டுமல்ல, உடல்நலத்துக்கும் அவசியம். ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுகிறது. எந்தப் பாத்திக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அங்கே தரையில் படுக்கக் கூடாது. ஈரச் சருகில் அட்டைகள் இருக்கும். காலுறைக்குள் உப்போ புகையிலைத் தூளோ தடவுவது மலைவாசிகளின் பழைய வழி. சின்னக்கானல், சாந்தன்பாறைப் பக்கம் யானைகளின் நடமாட்டம் உண்டு. தோட்டத்து ஆட்கள் இன்று அந்தப் பக்கம் வேண்டாம் என்று சொன்னால் அங்கேயே திரும்பிவிட வேண்டும்.

புல்வெளி

1,600 மீட்டருக்கு மேல் சோலையும் புல்வெளியும் மாறிமாறி வருகின்றன. கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் போகிறது; டாப் ஸ்டேஷனுக்கு மூணாறு வழியாகச் சாலை உண்டு. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே கம்பிவடப் பாதையின் மேல்நிலையம் என்பதிலிருந்து வந்தது. மூணாற்றுத் தேயிலை அங்கிருந்து கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. குரங்கணியிலிருந்து நடந்து ஏறும் காட்டுத் தடங்களுக்கு வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதன் பிறகு விதிகள் இறுகின. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு தடம் இருக்கிறது. உடன் வழிகாட்டி வருவார். பூ தேடுபவருக்கு அந்த வழிகாட்டியே பெரிய உதவி.

புல்வெளியில் தேட வேண்டியவை தரை ஆர்க்கிடுகள். இளஞ்சிவப்புக் கதிராக நிமிர்ந்து நிற்கும் சத்தீரியத்துக்கு ஒவ்வொரு பூவிலும் இரண்டு தேன்குழல்கள். வெள்ளையோ பச்சையோ ஆன ஹேபனேரியாவுக்கு ஒன்று. ஈரம் தேங்கும் இடங்களில் அழுகண்ணி. இலையின் மயிர்நுனி ஒவ்வொன்றிலும் பசைத்துளி மின்ன, அதில் ஒட்டிய பூச்சியைச் செடி செரித்துக்கொள்ளும். பசைத்துளிகள் வெயிலுக்கு எதிராக, கறுத்த பின்னணியில்தான் தெரியும். பூவோ நெடுந்தண்டில் மிக மேலே நிற்கும். இரண்டையும் ஒரே படத்தில் கூர்மையாகக் கொண்டுவர முயல்வதைவிடத் தனித்தனியே எடுப்பது நல்லது.

அழகுக்காகத் தண்ணீர் தெளித்துத் துளி உண்டாக்கும் பழக்கம் இங்கே செல்லாது. பசையா நீரா என்று தெரியாத படத்தால் யாருக்கும் பயன் இல்லை. இடையில் வரும் புல்லைப் பிடுங்குவதும் வேண்டாம். நூலால் தளர்வாக ஒதுக்கிக் கட்டி, எடுத்த பின் அவிழ்த்துவிடலாம். புல்வெளியில் ஒவ்வொரு காலடியும் அடுத்த ஆண்டு முளைக்க இருக்கும் ஏதோ ஒரு கிழங்கின் மேல் விழக்கூடும்.

கூர்மையும் நிறமும்

பூவை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழச் செய்யும் 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் இந்த வேலைக்கு உகந்தது. அந்த உருப்பெருக்கத்தில், முழு அளவுச் சென்சாரில் எஃப் 11 வைத்தாலும், கூர்மையாக இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். எஃப் 22 வரை மூடினால் ஆழம் கூடும். ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுதும் மங்கும். எஃப் 8 முதல் 13 வரை வைத்து, எந்தத் தளம் கூர்மையாக வேண்டும் என்பதைத் தீர்மானித்து, கேமராவின் பின்புறம் அந்தத் தளத்துக்கு இணையாக இருக்கும்படி நிறுத்துவதே தீர்வு. கையில் பிடித்தால் 1/250 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும். காற்று அலையலையாக வரும். இரண்டு அலைகளுக்கு இடையே பூ ஒரு நொடி நிற்கும். விரித்த குடை ஒன்று அந்த ஒரு நொடியை மூன்றாக்கும்.

கைப்பேசி வைத்திருப்பவர் அதன் மேக்ரோ முறையை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். அது பூவுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அருகே போகச் சொல்லும். அங்கே கைப்பேசியின் நிழலே பூவை மூடும். தொலை லென்ஸ் இருந்தால் ஒரு முழம் தள்ளி நின்று எடுப்பது மேல். திரையில் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, ஒளியைச் சற்றுக் கீழே இழுத்துக்கொள்ளலாம்.

நிறத்தில் மூன்று வகைச் சிக்கல்கள் வரும். காந்தளின் சிவப்பில் ஒளி அளவு சரி என்று கேமரா காட்டினாலும் சிவப்புத் தடம் மட்டும் நிரம்பி வழிந்து, இதழ் ஒரே வண்ணப்பூச்சாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, தேவையானால் ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும். வெள்ளைப் பூ, கறுத்த பாறையின் முன் சிறிதாக இருந்தால் வெளுத்துப்போகும், குறைக்க வேண்டும். அதே பூ பிரேமை நிறைத்தால் சாம்பலாகும், கூட்ட வேண்டும். நீல ஊதாப் பூக்கள்தான் மிகக் கடினம். பிரேம் முழுதும் ஒரே நிறமாக இருக்கும்போது தானியங்கி ஒயிட் பேலன்ஸ் தடுமாறி ஊதாவை இளஞ்சிவப்பாகவோ வெறும் நீலமாகவோ திருப்பிவிடும். வெயிலில் 5,500 கெல்வின், பனியில் 6,500 வரை என்று கையால் நிலைநிறுத்தி, ரா கோப்பாகச் சேமித்து, முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்துக்கொண்டால் வீட்டில் திருத்த முடியும்.

குளிர்ந்த மலையிலிருந்து வெப்பமான போடிக்கு இறங்கும்போது லென்ஸில் நீராவி படியும். கேமராவை மேலேயே பிளாஸ்டிக் பையில் கட்டி, கீழே வந்து அரைமணி நேரம் கழித்துத் திறந்தால் இது நேராது.

பதிவு

கேமரா வருவதற்கு முன் இந்த வேலையைத் தூரிகை செய்தது. ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவர ஓவியத் தொகுதிகளில் 2,000க்கும் மேற்பட்ட தகடுகள் உண்டு. அவருக்காக வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும் இந்திய ஓவியர்கள். அவர்களின் தாள்களில் பூவோடு இலையும், பிரித்து வைத்த உறுப்புகளும், காயும் இருக்கும். நல்ல பூப்படத் தொகுப்புக்கு அதுவே இன்றும் இலக்கணம்: செடி வாழும் இடம், முழுச்செடி, இலையின் இரு பக்கம், பூ முன்னிருந்து, பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து, காய் இருந்தால் காய். அளவு தெரிய ஒரு படத்தில் சிறிய அளவுகோல். தேதி, உயரம், அருகே நின்ற மரம் ஆகியவற்றை அன்றே குறித்துவிட வேண்டும்.

பெயர் காண, கே. எம். மேத்யூ திருச்சி ராபினட் தாவரக் காப்பகத்திலிருந்து உருவாக்கிய பழனி மலைத் தாவர நூல் போடிச் சரிவுக்கும் பெரிதும் உதவும். மலைகள் அண்டையில் இருப்பவை. ஐநேச்சுரலிஸ்ட், இந்திய உயிரினப் பன்மைத் தளம் ஆகியவற்றில் படங்களை ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். ஆர்க்கிடு போன்ற அரிய செடிகளுக்கு இடக்குறியீட்டை மறைத்தே ஏற்ற வேண்டும். தோண்டி எடுத்து விற்பவர்களும் அதே தளங்களைப் பார்க்கிறார்கள்.

குறிஞ்சி

நீலக்குறிஞ்சியைத் தனியே கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதற்கு மாதம் மட்டும் போதாது, ஆண்டும் வேண்டும். 12 ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு சரிவின் செடிகள் எல்லாம் சேர்ந்து பூத்து, விதைத்து, மடிகின்றன. மூணாறு மலைகளில் 1994, 2006, 2018 ஆகியவை பூத்த ஆண்டுகள். ஆனால் எல்லாச் சரிவும் ஒரே கணக்கில் இல்லை. போடிமெட்டுக்கு அப்பால் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை 2022 அக்டோபரில் பூத்தது. குறிஞ்சியின் உறவினங்கள் சில வேறு இடைவெளிகளிலும் பூக்கின்றன. எனவே நடுவாண்டுகளிலும் புல்வெளியில் குறிஞ்சி வகை ஏதாவது பூத்திருக்கக்கூடும். புல்லிவட்டம், காம்பு, இலை மூன்றையும் எடுக்காமல் 'நீலக்குறிஞ்சி' என்று எழுதிவிடக் கூடாது.

பூத்த சரிவைப் படமெடுக்க இரண்டு அளவுகள் தேவை. மலை முழுதும் நீலமாகும் காட்சிக்குக் காலை வெயில் சரிவின் மேல் சாய்வாக விழும் ஏழு மணியும் அகன்ற லென்ஸும். தனிப் பூவுக்குப் பனியும் மேக்ரோவும். பூ விரியும்போது வெளிர் நீலம். முதிர முதிர ஊதா ஏறும். ஒரே கதிரில் இரண்டு நிறங்களும் தெரியும்படி எடுத்தால் அந்த மாற்றம் பதிவாகும். தேனீக்கள் எப்போதும் இருக்கும். 1/1,000 நொடி வைத்தால் அவையும் கிடைக்கும்.

கள்ளிப்பாறையில் அந்த ஆண்டு கூடிய கூட்டத்தில் பலர் பூவைப் பறித்தார்கள், பிளாஸ்டிக் கழிவை விட்டுப்போனார்கள். விதை விழுந்தால்தான் அடுத்த பூப்பு. பறித்த கதிர் ஒவ்வொன்றும் 12 ஆண்டுக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீலக்குறிஞ்சியைப் பாதுகாக்கப்பட்ட செடிகளின் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. பறிப்பதும் பிடுங்குவதும் குற்றம்.

2018இல் பூத்த சரிவுகளின் அடுத்த ஆண்டு 2030; கள்ளிப்பாறைக்கு 2034. இடைப்பட்ட ஆண்டுகளில் அதே சரிவுகளின் இளஞ்செடிகளையும் ஒவ்வொரு புரட்டாசியிலும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்து வைப்பவரிடம்தான், பூக்கும் ஆண்டில், ஒரு குறிஞ்சிச் சரிவின் முழு வாழ்க்கையும் இருக்கும்.